நல்லா எழுத வேண்டாம், எழுதி முடிங்க

(முப்பது நாளில் முதல் நாவல் எழுதப் பெயர் கொடுத்த மாணவர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் பேசியது. பேச்சின் போக்கு மாறாமல் எழுத்தில் தரப்படுகிறது.)



நவம்பர் 6 தொடங்கி டிசம்பர் 5 ராத்திரி வரை முப்பது நாள். ஆளுக்கொரு நாவல். டிசம்பர் 6, அண்ணல் நினைவு நாள். அன்று காலையில் அவரவர் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இதே இடத்துக்கு வர வேண்டும். இதுதான் ஏற்பாடு. பத்தொன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். அதில் ஏழு பேர் பெண்கள். ஒருத்தர்கூட இதுக்கு முன்னாடி நாவல் எழுதினதில்லை. கவிதை எழுதியிருக்கீங்க, துண்டறிக்கை எழுதியிருக்கீங்க, சுவரெழுத்து எழுதியிருக்கீங்க. நாவல் இதுதான் முதல் தடவை.

இந்தச் செய்தியைக் கேட்டதும் இலக்கிய நண்பர் ஒருத்தர் சிரித்தார். “முப்பது நாளில் நாவலா? நாவல் என்ன தீப்பெட்டியா, ஒரு நாளைக்கு இத்தனை குரோசுன்னு ஒட்டித் தள்ள?” என்றார். கேள்வி நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கேன். தீப்பெட்டி ஒட்டினவங்க, பீடி சுத்தினவங்க, கூலிக்கு நடவு நட்டவங்க பிள்ளைகள்தான் இங்கே உட்கார்ந்திருக்கோம். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து வேலை செய்வது நமக்குப் புதுசும் இல்லை, கேவலமும் இல்லை.

முதலில் இந்த ஆட்டம் எங்கேயிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1999 ஜூலையில் அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ பக்கம், கிறிஸ் பேட்டி என்கிறவர் தன் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தார். மொத்தம் 21 பேர். ஒரு மாதம், 50,000 சொல். அவ்வளவுதான் சட்டம். நடுவர் கிடையாது. நல்லா இருக்கா இல்லையான்னு யாரும் படிச்சுப் பார்த்து மார்க் போடப் போறதில்லை. எழுதி முடிச்சியா, ஜெயிச்சே. அடுத்த வருசம் 2000-இல் நவம்பர் மாதத்துக்கு மாற்றினார்கள். பிற்பாடு உலகம் பூராவும் லட்சக்கணக்கான பேர் சேர்ந்தாங்க. சாரா குரூயன் எழுதிய ‘வாட்டர் ஃபார் எலிஃபன்ட்ஸ்’ 2006-இல் வந்தது. எரின் மார்கன்ஸ்டெர்ன் எழுதிய ‘தி நைட் சர்க்கஸ்’ 2011-இல் வந்தது. இரண்டும் அப்படிப்பட்ட நவம்பரில் முதல்படியாக எழுதப்பட்டு, அப்புறம் திருத்தித் திருத்திப் புத்தகமானவை. 2025-இல் அந்த அமைப்பை மூடிவிட்டார்கள். அமைப்பை மூடலாம். நோட்டும் பேனாவும் நம்ம கையில இருக்கு.

வேகமாக எழுதுவது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1866-இல் ருஷ்யாவில் தாஸ்தாயெவ்ஸ்கி கழுத்து முட்டக் கடனில் இருந்தார். ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். நவம்பர் 1-க்குள் புது நாவல் ஒன்று கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லையென்றால் ஒன்பது வருசத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் அந்த ஆள் பைசா தராமல் அச்சுப்போட்டுக்கொள்ளலாம். நம்ம தாத்தன்மார் பண்ணையார் வீட்டில் கைநாட்டு வைத்துக் கொடுத்த பத்திரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அக்டோபர் பிறந்துவிட்டது, ஒரு வரி எழுதவில்லை. சுருக்கெழுத்து படித்த இருபது வயதுப் பெண் அன்னாவை வேலைக்கு வைத்தார். அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதினாள். 26 நாளில் ‘சூதாடி’ நாவல் முடிந்தது. கொண்டுபோய்க் கொடுக்கப்போனால், பதிப்பாளர் வேண்டுமென்றே ஊரை விட்டுப் போய்விட்டார். தாஸ்தாயெவ்ஸ்கி விடவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். நான் பேங்க் கிளார்க். அந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்த ரசீதுதான். (சிரிப்பு)

இன்னொருத்தர் ஆண்டனி டிராலப். இங்கிலாந்துக்காரர், தபால் இலாகாவில் உத்தியோகம். விடியக்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். எதிரில் கடிகாரம். கால் மணிக்கு 250 சொல். காலை உணவுக்கு முன்னாடி எழுத்து வேலை முடிந்துவிடும், அப்புறம் ஆபீஸ். இப்படியே 47 நாவல் எழுதினார். அவர் செத்த பிறகு 1883-இல் சுயசரிதை வந்தபோதுதான் இந்தக் கணக்கு வெளியே தெரிந்தது. உடனே இலக்கியக் கனவான்கள் முகம் சுளித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறவன் கலைஞனா என்றார்கள். அவர்களுக்கு ஓய்வு இருந்தது. ஓய்வு உள்ளவன்தான், எழுத்து தானா வரணும், உள்ளேயிருந்து ஊறணும், அதுவரைக்கும் காத்திருக்கணும் என்பான். காத்திருக்க நேரம் நமக்கு எங்கே இருக்கு?

நமக்குப் பக்கத்திலேயே அண்ணாபாவ் சாத்தே இருந்தார். மராட்டியத்தில் மாங் சாதியில் 1920-இல் பிறந்தவர். முறையான பள்ளிப்படிப்பு இல்லை. பம்பாய்க்கு வந்து கூலிவேலை செய்து, தொழிலாளர் இயக்கத்தில் பாட்டுக் கட்டிப் பாடி, அதுக்கு நடுவில் முப்பதுக்கு மேல் நாவல் எழுதினார். 1959-இல் வந்த ‘ஃபகிரா’வை அண்ணலுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1969-இல் இறக்கும்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓய்வு கிடைக்கட்டும் என்று அந்த மனுசன் உட்கார்ந்திருந்தால் ‘ஃபகிரா’ நமக்குக் கிடைத்திருக்குமா?

தமிழிலும் வெறுங்காட்டில் நீங்கள் இறங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972. இங்கே பூமணியின் ‘பிறகு’ 1979, சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989, பாமாவின் ‘கருக்கு’ 1992, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994. இவர்களில் சிலர் ‘தலித் எழுத்தாளர்’ என்று தங்களைச் சொல்வதை ஏற்பதில்லை. அது அவங்க உரிமை. நான் சொல்ல வருவது, பாதை இருக்கு என்பதை. அவங்க முப்பது நாளில் எழுதினாங்கன்னு நான் சொல்லலை. அவங்க எழுதி முடிச்சாங்கன்னு சொல்றேன்.

சரி, எதுக்கு முப்பது நாள்? மூணு வருசம் எடுத்துக்கிட்டா என்ன?

தோழர்களே, நீங்கள் எழுத உட்காரும்போது உங்களோடு இன்னொருத்தனும் வந்து பக்கத்தில் உட்காருவான். கண்ணுக்குத் தெரிய மாட்டான். அவனுக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழய்யா முகம், கையில் சிவப்பு மை. சில நேரம் பெரிய பத்திரிகை ஆசிரியர் முகம். சில நேரம் மேல்சாதிச் சிநேகிதன் முகம். “எங்கம்மா ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறி ஆக்குனா” என்று எழுதினால், “இது அவசியமா?” என்பான். “அய்யனாரு கோயில் பக்கம் போகக்கூடாது” என்று எழுதினால், “மிகைப்படுத்துறியே” என்பான். பேச்சு மொழியில் எழுதினால், “கொச்சை” என்பான். நல்ல தமிழில் எழுதினால், “உன் வாழ்க்கையின் வாசம் இல்லையே” என்பான். அவனுக்குப் பேர் விமர்சனம் இல்லை. ஆயிரம் வருசமா நம்மளப் பேசாதேன்னு சொன்ன குரல், நம்ம தலைக்குள்ளேயே வாடகை கொடுக்காம குடியிருக்கு. அதிகாரம் வெளியே இருந்து மட்டும் வேலை செய்வதில்லை என்று கருத்தரங்குகளில் பேசுகிறோமே, அது இதுதான்.

அவனோடு வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. அவன் படித்தவன். ஆனால் அவனால் ஓட முடியாது. இரண்டு மணி நேரத்தில் ஆயிரம் சொல் எழுத வேண்டும் என்று நீங்கள் இறங்கிவிட்டால், பத்தாவது வரியில் அவன் மூச்சு வாங்குவான். முப்பதாவது வரியில் பின்தங்கிவிடுவான். அதுக்கப்புறம் வருவதுதான் உங்கள் எழுத்து, உங்கள் ஆத்தா பேசின பாஷை. வேகம் இதுக்குத்தான். அமெரிக்காக்காரனுக்கு அது விளையாட்டாக இருக்கலாம். நமக்கு அது தப்பிக்கிற வழி.

நடவு பார்த்திருப்பீங்க. நாற்றங்காலில் இருந்து நாற்றைப் பறித்துவிட்டால் அன்றைக்கே நட்டாக வேண்டும். வயசு கடந்தால் நாற்று முத்திப்போகும். அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது. நடுகிற அன்றைக்கு யாராவது களை பிடுங்குவாங்களா? களையெடுப்புக்குத் தனி நாள் இருக்கு. அதுக்கு முதலில் வயல் நட்டிருக்கணும். இந்த முப்பது நாள் நடவு. எழுத்துப் பிழை, வரிசை மாறின நடை, அளவுக்கு மீறின கோபம், எல்லாம் களை. அதுக்கு ஒரு வருசம் இருக்கு, இரண்டு வருசம் இருக்கு. நாற்று முத்துகிறதுக்குள்ளே நட்டுடணும். உங்க பாட்டிக்கு இன்னிக்கு எழுபத்தெட்டு வயசுன்னா அந்த அவசரம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

இனி கணக்குக்கு வருவோம். 50,000 சொல்லை முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 1,667. அது இங்கிலீஷ்காரனுடைய கணக்கு. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வீட்டுக்குள்ளிருந்து என்பது நமக்கு ஒரே சொல். இங்கிலீஷில் அதுக்கு நாலு சொல் வேண்டும். அதனால் நமக்கு நாளொன்றுக்கு ஆயிரம் சொல், மாதத்துக்கு 30,000. ஒரு நல்ல குறுநாவலுக்குத் தாராளமாகப் போதும். நீள நோட்டில் ஒரு வரிக்கு ஏழெட்டுச் சொல், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 180 சொல் வரும். ஆக ஒரு நாளைக்கு ஐந்தரைப் பக்கம், முப்பது நாளைக்கு 165 பக்கம். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினால் மிச்சமே இருக்கும். அவரவர் கையெழுத்துக்கு ஒரு பக்கம் எண்ணிப் பார்த்து, அட்டையின் உள்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் தட்டுகிறவர்கள் தட்டலாம், தப்பில்லை. ஒவ்வொரு ராத்திரியும் இன்னொரு இடத்தில் ஒரு படி போட்டு வைங்க. போன் தொலைந்தால் நாவலும் சேர்ந்து தொலையக் கூடாது.

பேங்கில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய ரொக்கத்தை அன்றைக்கே எண்ணி, கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் வீட்டுக்குப் போக முடியாது. பத்து ரூபாய் உதைத்தாலும் தேடணும். அதே மாதிரி நோட்டில் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைங்க. தேதி, இன்று எழுதிய சொல், மொத்தம். தினமும் நிரப்புங்கள். ஆனால் ஒரு விசயத்தில் பேங்க் மாதிரி இருக்க வேண்டாம். ரொக்கம் குறைந்தால் காசாளர் கைக்காசைப் போட்டு அன்றைக்கே கட்டணும். இங்கே விட்ட நாளை மறுநாளே கட்ட வேண்டாம். பன்னிரண்டாம் நாள் முடியும்போது மூன்று நாள் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். 3,000 சொல். மிச்சம் 18 நாள். வகுத்தால் நாளைக்கு 167 சொல்தான் கூடுதல், ஒரு பக்கத்துக்கும் குறைவு. மூணு நாளையும் ஒரே ராத்திரியில் எழுதுகிறேன் என்று இறங்கினவங்கதான் நாலாம் நாள் நோட்டை மூடுவாங்க.

நேரம் எங்கே? விடுதியில் ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். விளக்கை அணைக்கச் சொல்வான், பாட்டுப் போடுவான். அதனால் ‘அமைதியான இடம்’ என்று தேடாதீங்க, கிடைக்காது. பஸ்ஸில் நாற்பது நிமிசம், சோற்றுக்கு வரிசையில் நிற்கிற இருபது நிமிசம், விடியக்காலை ஒரு மணி நேரம். துண்டு துண்டாகச் சேர்த்தால் இரண்டு மணி நேரம் வந்துவிடும். வில்லியம் ஃபாக்னர் 1929-இல் மின்சார உற்பத்தி நிலையத்தில் ராத்திரி வேலை பார்த்துக்கொண்டேதான் ‘ஆஸ் ஐ லே டையிங்’ நாவலை எழுதினார். ஆறு வாரத்தில் முடித்ததாக அவரே சொன்னார். நான் போன வருசம் முப்பது நாளில் ஒரு முதல்படி எழுதினேன். காலை நாலரையில் இருந்து ஆறு வரை, அப்புறம் பேங்க் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிசம். அந்தப் படி இப்போது திருத்தத்தில் இருக்கு. எழுதும்போது தெரிஞ்ச சில விசயங்களை வாரக் கணக்கில் சொல்றேன்.

முதல் வாரம் பிரச்சினை இல்லை. உற்சாகம் எழுதிக் கொடுக்கும். ஆரம்பிக்கும் முன்னாடி மூணே மூணு கேள்விக்குப் பதில் தெரிஞ்சா போதும். யார்? அவருக்கு என்ன வேணும்? யார் மறிக்கிறாங்க? ‘சாதிக்கொடுமையைப் பற்றி எழுதப் போறேன்’ என்றால் நாவல் வராது, தீர்மானம்தான் வரும். ‘எங்க ஊர்ல ஒரு பொண்ணுக்கு சைக்கிள் வேணும், பள்ளிக்கூடம் போற வழி ஊர்த்தெரு வழியா இருக்கு’ என்று ஆரம்பித்துப் பாருங்கள். சாதி தானாக வந்து குறுக்கே நிற்கும், கூப்பிட வேண்டியதில்லை.

இரண்டாம் வாரம்தான் கண்டம். ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் வாக்கில் கதையில் எல்லாரும் வந்து நின்றுகொண்டிருப்பார்கள், ஒருத்தரும் நகர மாட்டார்கள். நாம எழுதுறது குப்பைன்னு தோணும். வேற ஒரு அருமையான நாவல் மனசில் தோன்றி ‘என்னை எழுது’ன்னு கூப்பிடும். போகாதீங்க. அதை ஒரு வரியில் குறித்து வைத்துவிட்டு இதிலேயே இருங்க. அந்த வாரத்துக்கு மூணு கைவைத்தியம் உண்டு. ஒன்று, பின்னால் திரும்பிப் படிக்காதீர்கள். இரண்டு, தெரியாத தகவல் வந்தால் தேடப் போகாதீர்கள். ‘அந்த வருசம் நெல் மூட்டை என்ன விலை’ என்று தேடப் போனால் ராத்திரி போச்சு. அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போங்க. மூன்று, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில் அன்றைய எழுத்தை நிறுத்துங்கள். இது ஹெமிங்வே சொன்ன யோசனை. கிணற்றைப் பூரா இறைத்துவிட்டால் மறுநாள் வாளி காலியாகத்தான் வரும்.

மூன்றாம் வாரம் நீங்க நினைக்காத ஆள் ஒருத்தர் கதைக்குள் வருவார். டீக்கடையில் தனிக்குவளை கழுவுகிற பையனை ஒரு வரிக்குத்தான் கொண்டுவந்திருப்பீங்க, அவன் போகவே மாட்டான். விடுங்க, இருக்கட்டும். நாலாம் வாரம் நடுவில் என்ன பாக்கி இருந்தாலும் கடைசி அத்தியாயத்தை எழுதிவிடுங்கள். முடிவு கையில் இருந்தால் இடையில் உள்ள ஓட்டையை அப்புறம் அடைக்கலாம்.

கவிதையும் தன்வரலாறும் இருக்க நாவல் எதுக்கு என்று ஒரு தம்பி கேட்டான். தன்வரலாறு நடந்ததுக்குச் சாட்சி சொல்கிறது. அதன் வலிமை அது. ஆனால் அதில் ‘நான்’ இருந்த இடத்துக்கு மட்டும்தான் போக முடியும். நாவலில் பஞ்சாயத்து நடந்த ராத்திரி பண்ணையார் வீட்டு உள்ளறைக்குள் போகலாம். செத்துப்போன பெரியப்பனைப் பேச வைக்கலாம். நடக்காமல் போனது என்ன என்றும் கேட்கலாம். அன்னிக்கு நம்ம தெரு மொத்தமும் வேலைக்குப் போகாம உட்கார்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியை நாவல்தான் முந்நூறு பக்கத்துக்குத் தாங்கும்.

காயத்தை மட்டுமே எழுதாதீங்க என்பதையும் சொல்லணும். நம்மிடம் காயத்தை மட்டும் கேட்டு வாங்கி, ‘உச்’ கொட்டிவிட்டுப் போகிற வாசகர்கள் உண்டு. நம்ம தெருவில் சிரிப்பில்லையா? சீட்டாட்டம் இல்லையா? களவாகக் காதலிக்கலையா? சாவு வீட்டில் அடிக்கிற பறையில் அடவு பிசகினால் சண்டை வராதா? மாமியார் மருமகளை வையும்போது வருகிற பழமொழிகள் எந்த அகராதியில் இருக்கு? அழகியல் அழகியல்னு பேசுறோமே, அதெல்லாம் அங்கேதான் கிடக்கு. இன்னொரு பக்கம் கவனமும் வேண்டும். உயிரோடு இருக்கிறவங்க கதையை எடுக்கும்போது பேரை மாத்துங்க, ஊரை மாத்துங்க, உறவை மாத்துங்க. ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமை அவளுடையது. அவள் சம்மதம் இல்லாமல் அது உங்க நாவலுக்குச் சரக்கு ஆகாது.

இன்னொரு விசயம் இங்கே பேசியாகணும். பெயர் கொடுத்த ஏழு தங்கச்சிகள் இந்த முப்பது நாளும் வீட்டில் சோறாக்கிவிட்டு, தண்ணி பிடித்துவிட்டு, தம்பிக்குத் துணி துவைத்துவிட்டுத்தான் எழுதணும் என்றால், அவங்களுக்கு நாவல் ஆயிரம் சொல்லில் ஆரம்பிப்பதில்லை, ஆயிரம் வேலையில் ஆரம்பிக்குது. தோழர்களே, ‘சூதாடி’யை எழுதினது தாஸ்தாயெவ்ஸ்கி. உட்கார்ந்து எழுத்தில் வடித்தது அன்னா. நம்ம வீட்டில் எத்தனை அன்னாக்கள்? இந்த மாதம் ஆண் தோழர்கள் வீட்டில் ஒருவேளை அடுப்படியைப் பார்த்துக்கொள்ளட்டும். அக்கா எழுதுகிறாள் என்று தம்பி குடத்தைத் தூக்கட்டும். இதை நான் உபகாரமாகக் கேட்கவில்லை. விடுதலை பேசுகிற பத்திரிகையில் எழுதுகிறவன் வீட்டில் நடக்க வேண்டிய காரியம் இது.

மிஷினிடம் கேட்டால் அரை மணியில் நாவல் எழுதித் தருமே என்று சிலர் நினைக்கலாம். முதலில் சொன்ன அந்த அமெரிக்க அமைப்பு 2024-இல் ஒரு அறிக்கை விட்டது. செயற்கை நுண்ணறிவை முழுசாக எதிர்ப்பதில் ஏழைகளுக்கும் ஊனமுற்றோருக்கும் எதிரான வாடை இருக்கிறது என்றது. எழுத்தாளர்கள் பலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஏழை பேரைச் சொல்லி யார் எதை விற்றாலும் நாம கொஞ்சம் நின்னு பார்க்கணும். அந்த மிஷின் இதுவரைக்கும் எழுதப்பட்டதைத் தின்று வளர்ந்தது. இதுவரைக்கும் எழுதினது யாரு? நம்ம தெருவைப் பற்றி அதில் எவ்வளவு இருக்கும்? நீங்க கேட்டால் அது எழுதித் தரும், ஆனால் ஊர்த்தெருவில் இருந்து பார்த்த சேரியைத்தான் எழுதித் தரும். தலைக்குள்ளே உட்கார்ந்திருக்கிற அந்தச் சிவப்பு மைக்காரனை இத்தனை பாடுபட்டு ஓடி முந்திவிட்டு, காசு கொடுத்து இன்னொருத்தனை வாங்கி உட்கார வைக்கணுமா?

முடித்த பிறகு என்ன? முப்பது நாளில் வருவது நாவல் இல்லை, நாவலின் முதல்படி. அதை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடாதீர்கள். வட்டிக்கு வாங்கிப் புத்தகம் போட்டுக் கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிற கவிஞர்களை எனக்குத் தெரியும். (சிரிப்பு) இரண்டு மாதம் நோட்டைத் தொடாமல் வைங்க. பொங்கல் கழித்து எடுத்து, படிக்கத் தெரியாத ஒருத்தருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவங்க எங்கே கொட்டாவி விடுறாங்க, எங்கே “அப்படியில்லடா, அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்”னு குறுக்கிடுறாங்க, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவங்கதான் முதல் விமர்சகர். அப்புறம் வட்டம் போட்ட இடங்களை நிரப்பி, முழுசையும் இன்னொரு தரம் புதுசாக எழுதுங்கள். களையெடுப்பு அது. அதில் அவசரம் கூடாது.

பத்தொன்பது பேரும் முடிப்பீங்கன்னு நான் நம்பலை. நாலு பேர் பாதியில் நிற்பீங்க. ஒருத்தருக்குப் பரீட்சை வரும், ஒருத்தர் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகும். அது தோல்வி இல்லை. எண்பது பக்கம் எழுதின நோட்டு, எழுதாத நோட்டு இல்லையே. அண்ணல் ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்று தன் அனுபவங்களைச் சில பக்கங்கள் எழுதி வைத்தார். அவர் இருக்கும்போது அது அச்சேறவில்லை. 1990-இல்தான் தனி நூலாக வந்தது. இன்றைக்கு உலகம் அதைப் படிக்கிறது. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு வாழ்க்கையின் கடைசி நாட்கள் வரை உழைத்தார். 1957-இல் அது வெளிவந்தபோது பார்க்க அவர் இல்லை. காகிதத்தில் ஏறினது காத்திருக்கும். ஏறாததுதான் காணாமல் போகும்.

என் கவுண்டருக்கு முதியோர் பென்ஷன் வாங்க வயதான அம்மாக்கள் வருவார்கள். விரலை மிஷினில் வைத்தால் ரேகை விழாது. நாற்று நட்டு, கல் சுமந்து, பாத்திரம் தேய்த்து ரேகை அழிந்திருக்கும். துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொல்வோம். அந்த இரண்டு நிமிசத்தில் அவங்க ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாங்க. எந்த வருசம் ஏரி உடைந்தது, யார் தெருவில் தீ வைத்தது, தூக்கிக்கொண்டு ஓடின பிள்ளை எது, விட்டுவிட்டு ஓடின பொருள் என்ன. பின்னால் வரிசை நிற்கும், டோக்கன் நம்பர் கூப்பிடும், அவங்க நகர்ந்துவிடுவாங்க. உங்க ஒவ்வொருத்தர் வீட்டிலும் அப்படி ஒரு அம்மா இருக்காங்க. அவங்க ரேகை மிஷினில் விழலை. உங்க நோட்டில் விழணும்.

அதனால் நவம்பர் 6 வரைக்கும் காத்திருக்கும்போது செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. வீட்டுக்குப் போய், பெரியவங்க ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்ப என்ன ஆச்சு?”ன்னு கேளுங்க. மிச்சத்தை அவங்க சொல்லுவாங்க. நீங்க எழுதி முடிங்க.

ஜெய்பீம்.